கம்பி முறுக்கி: லயத்துச் சாமானில் ஒரு கிட்டார் கருவி

வட்டவளையில் கிட்டார் வைத்திருப்பவர் மற்ற ஊர்க்காரரைவிட அடிக்கடி கம்பி மாற்ற வேண்டியவர். காரணம் மழை. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரும் பக்கத்துக் கினிகத்தேனையும் இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் பகுதிகள். ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவம் பிடித்தால் செப்டெம்பர் வரை லயத்துக் காம்பராவின் சுவர் காய்வதே இல்லை. அந்தச் சுவரில் ஆணியடித்து மாட்டிய கிட்டாரின் கம்பி மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

கிட்டாரின் முதலாம், இரண்டாம் கம்பிகள் வெறும் உருக்கு. மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு இருக்கும்; வாசிக்க வாசிக்க அது தேய்ந்துபோகும். மற்ற நான்கும் உருக்குக் கம்பியின்மேல் வெண்கலம் சுற்றியவை. கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பிகளில் அந்தச் சுற்று 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும் கலந்தது. விரல் வியர்வையின் உப்பு முதலில் வேலையைத் தொடங்கும், ஈரக்காற்று அதை முடித்துவைக்கும். கம்பியைத் தடவினால் விரலில் கறுப்பு ஒட்டும். ஃப்ரெட் படும் இடங்களில் சொரசொரப்புத் தட்டும். எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போகச் சுரம் பிசகும். அதற்குப் பிறகு அந்தக் கம்பியை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மழைநாளில் தப்பு அடிக்கப் போகிறவர் முதலில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சுகிறார். ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் விறைத்துக் கணீரென்று பேசும். காமன் கூத்து ஆடும் ஊர்களில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. வாத்தியத்தை ஈரத்திலிருந்து காப்பாற்றும் வித்தை மலையகத்தாருக்குப் புதிதில்லை. கிட்டாரில் காய்ச்சும் வழி இல்லை, அவ்வளவுதான். கம்பியை மாற்றத்தான் வேண்டும்.

இருந்தும் பலர் மாற்றுவதில்லை. கம்பியின் விலை ஒரு காரணம். ஹட்டனுக்கோ கண்டிக்கோ போய் வாங்கிவர வேண்டியிருப்பது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: முறுக்கி முறுக்கி விரல் நோகிறது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கும் அது சும்மா நோவில்லை. இந்த அத்தியாயம் அந்த மூன்றாவது காரணத்தை ஒழிப்பதற்காக.

ஏன் இவ்வளவு முறுக்கு?

கிட்டாரின் தலையில் இருக்கும் கீயைத் திருப்பினால் உள்ளே ஒரு திருகுப்பல் சுழன்று சிறிய பற்சக்கரத்தைத் தள்ளும்; அந்தப் பற்சக்கரம் கம்பி சுற்றியிருக்கும் தண்டைத் திருப்பும். வீணையின் பிரடை வெறும் ஆப்பு. அழுத்தித் திருப்பினால் பிடித்துக்கொள்ளும், ஈரத்திலோ வெயிலிலோ நழுவும். கிட்டாரிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஸ்டௌஃபர் என்ற கைவினைஞர் பற்சக்கரம் வைத்த கீகளைத் தம் கிட்டார்களில் பொருத்தினார். அவரிடம் தொழில் பழகியவராகச் சொல்லப்படும் மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குப் போய்த் தொடங்கிய கம்பெனி இன்றும் கிட்டார் செய்கிறது. திருகுப்பல்லின் சிறப்பு இது: கீயைத் திருப்பித் தண்டைச் சுழற்றலாம், ஆனால் கம்பியின் இழுவையால் கீயைப் பின்னோக்கித் திருப்ப முடியாது. முதலாம் கம்பியின் தடிப்பு எண் 12 என்று தொடங்கும் ஒரு செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேலான விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அதைப் பிடித்துவைத்திருப்பது இந்தச் சின்னப் பல்தான்.

அந்தப் பலத்துக்கு விலை, முறுக்கின் எண்ணிக்கை. சாதாரணக் கீகளில் 14 தரம் திருப்பினால்தான் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். சிலவற்றில் 18 தரம். தண்டின் தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். கம்பியைச் சரியாகப் பிடிக்க 5 சென்ரிமீற்றர் தொய்வு விடுவோம். அது தண்டில் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டரையை 14ஆல் பெருக்கினால் கீக்கு 35 சுற்று. விரலால் ஒரு பிடியில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப முடியாது, ஆக ஒரு கம்பிக்கு 70 பிடி. ஆறு கம்பிக்கு 400ஐத் தாண்டும். பழைய கம்பியைத் தளர்த்தும் முறுக்கு இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த வேலையைச் சுருக்க உலகம் முழுக்கக் கிட்டார்க்காரர்கள் பாவிக்கும் சாமான்தான் கம்பி முறுக்கி. கீயின்மேல் கவிழ்க்கும் ஒரு கிண்ணம், அதிலிருந்து வளைந்து போகும் ஒரு கை, கையின் முனையில் சுழலும் பிடி. கடையில் பிளாஸ்டிக்கில் வரும். மலிவானதுதான், ஆனால் ஹட்டன் கடைத்தெருவில் கேட்ட நேரத்தில் கிடைக்காது. வாங்கியதும் கிண்ணத்தின் விளிம்பு பிளந்துபோனால் அதோடு சரி. நாமே செய்தால் நம் கிட்டாரின் கீக்கு அளவெடுத்துச் செய்யலாம், உடைந்த பகுதியை மட்டும் மாற்றலாம். எனக்கு இரண்டாவது காரணம்தான் பெரிதாகப் படுகிறது.

தேவையான சாமான்கள்

முக்கால் இஞ்சி பிவிசித் தண்ணீர்க் குழாயில் ஒரு விரல்நீளத் துண்டு வேண்டும். வயர் இழுக்கப் பாவிக்கும் மெல்லிய குழாய் வேண்டாம். அது நசுக்கும்போது மடிப்பில் வெடிக்கும். 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள நாகமுலாம் பூசிய கம்பி ஒரு சாண் வேண்டும். வேலி கட்டிய மிச்சம் போதும். காய்ந்த தேயிலைக் கட்டை ஒரு துண்டு. பழைய சைக்கிள் டியூபில் ஒரு கீற்று. சின்னத் திருகாணி இரண்டு, உள்வட்டம் 4 மில்லிமீற்றருக்குச் சற்று மேலான வாஷர் இரண்டு, கொஞ்சம் எபொக்சிப் பசை. ஆயுதங்களில் இரும்பு அறுக்கும் வாள், அரம், சுத்தியல், குறடு, 4 மற்றும் 5 மில்லிமீற்றர் துளைபோடும் ட்ரில். ட்ரில்லும் வைஸும் வீட்டில் இல்லாவிட்டால் தெரிந்த பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தேயிலைக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையில் விறகுக்குப் பொறுக்கும் மிலாறு நமக்கு மெலிவு. மறுநடுகைக்காகப் பழைய செடிகளை வேரோடு பிடுங்கும்போது கிடைக்கும் அடிக்கட்டைதான் தோது. பல பத்தாண்டுகள் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வளர்ந்ததால் அதன் நார் நெருக்கமாகவும் முறுகலாகவும் இருக்கும். கத்திக்கு அடங்கும், சிம்பு எழாது, கைபடக் கைபட மெருகேறும். கைத்தடியும் அலங்காரச் சாமானும் செய்கிறவர்கள் அதைத் தேடுவது இதனால்தான். பச்சையாகச் செதுக்கினால் காயும்போது வெடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் சில வாரங்கள் போட்டுவைத்து, மழைக்காலத்தில் இன்னும் அதிக நாள் விட்டு, பிறகு எடுங்கள். கட்டை கிடைக்காதவர்கள் உடைந்த மண்வெட்டிப் பிடியையோ தும்புத்தடிக் கம்பையோ பாவிக்கலாம். வேலை நடக்கும்.

கிண்ணம்

முதலில் உங்கள் கிட்டாரின் கீயை அளந்துகொள்ளுங்கள். அகலம், தடிப்பு, நீளம் மூன்றும் வேண்டும். பெரும்பாலானவை 18 முதல் 21 மில்லிமீற்றர் அகலம், 6 முதல் 8 தடிப்பு, 15 அல்லது 16 நீளம் இருக்கும். குழாயை எவ்வளவு நசுக்கினாலும் அதன் உள்சுற்றளவு மாறாது என்பதை மனதில் வையுங்கள். வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர் உள்ள முக்கால் இஞ்சிக் குழாயின் உள்சுற்றளவு 67 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதை 9 மில்லிமீற்றர் இடைவெளி வரும்வரை தட்டையாக்கினால் நீண்ட வட்டமாக 28 மில்லிமீற்றர் அகலம் கிடைக்கும். அதற்குள் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினால் பெரிய கீயும் ஆடாமல் உட்காரும். உங்கள் கீ 18 மில்லிமீற்றருக்கு மேல் போகாவிட்டால் அரை இஞ்சிக் குழாயே போதும், ரப்பரும் வேண்டாம். 8 மில்லிமீற்றருக்கு நசுக்கினால் 21 அகலம் வரும்.

குழாயில் 45 மில்லிமீற்றர் நீளம் அறுத்து இரு முனையையும் அரத்தால் சமப்படுத்துங்கள். அடுத்து, தட்டையாக்க ஓர் அச்சு தேவை. 9 மில்லிமீற்றர் தடிப்பும் 26 அகலமும் உள்ள பலகைத் துண்டின் ஓரங்களை உருட்டிச் சீவி எடுத்தால் அதுவே அச்சு.

குழாயை நெருப்பில் காட்டக்கூடாது. பிவிசி கருகினால் வரும் புகை மூச்சுக்கும் கண்ணுக்கும் கெடுதல், அதுவும் கதவடைத்த காம்பராவில். கொதிநீரே போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை; 97 பாகைக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடும். பிவிசி 80 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்குவதால் அந்தக் குறைவு நமக்குத் தடையில்லை. பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது குழாயின் ஒரு முனையைக் குறட்டால் பிடித்துப் பாதிவரை அமிழ்த்துங்கள். ஒரு நிமிடம், தேவையானால் இன்னும் அரை நிமிடம். அந்த முனை தோல்போல் துவளும். துணியால் பிடித்து எடுத்து, அச்சை 18 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் செருகி, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். வட்டவளைப் பீலித்தண்ணீர் இதற்கென்றே வந்ததுபோல் ஜில்லென்றிருக்கும். அச்சை இழுத்தால் ஒரு முனை வட்டமாகவும் மறுமுனை நீள்வாயாகவும் குழாய் நிற்கும்.

வாய் கோணிப்போனால் பயமில்லை. மறுபடி கொதிநீரில் போட்டால் குழாய் தன் பழைய வட்டத்துக்கே திரும்பும், மீண்டும் அச்சைச் செருகலாம். இதே குணத்தால்தான் செய்து முடித்த கருவியை அடுப்புப் பக்கமோ வெயில் அடிக்கும் கண்ணாடிக்குப் பின்னாலோ வைக்கக்கூடாது. வாய் அகன்றுவிடும்.

ரப்பரைச் சின்னக் கீற்றாக வெட்டி வாயின் இரு அகலப் பக்கங்களிலும் ஒட்டுங்கள். டியூப் ஒட்டும் பசையே நல்லது. முலாம் பூசிய கீயில் கீறல் விழாமலும், முறுக்கும்போது கடகடக்காமலும் இருக்க இது உதவும்.

அடைப்பும் கையும்

குழாயின் வட்ட முனைக்குள் இறுக நுழையும் மர அடைப்பு அடுத்த வேலை. நீளம் 18 மில்லிமீற்றர். இங்கே வரிசை முக்கியம். முதலில் கட்டையில் 4 மில்லிமீற்றர் துளையை நேராகப் போடுங்கள். பிறகு அந்தத் துளையை நடுவாக வைத்துக் கட்டையைச் சுற்றிச் செதுக்கி உருட்டுங்கள். உருட்டிய பிறகு துளை போடப் போனால் அது நடுவில் விழாது. துளை விலகினால் முறுக்கி சுழலும்போது தலை ஆட்டும், கீயில் நிற்காமல் கழன்று கழன்று விழும்.

கம்பியை 190 மில்லிமீற்றர் வெட்டி ஒரு முனையில் 8 மில்லிமீற்றரை நேர்கோணமாக மடியுங்கள். அடைப்பின் உட்பக்க முகத்தில், துளையிலிருந்து ஓரம் நோக்கி, அந்த மடிப்பு புதையும் அளவுக்கு வாளால் ஒரு பள்ளம் கீறுங்கள். கம்பியின் நீண்ட முனையை உட்பக்கத்திலிருந்து துளை வழியாக இழுத்து, மடிப்பைப் பள்ளத்தில் உட்காரவைத்து, எபொக்சியை மேலே தடவி ஓர் இரவு விடுங்கள். முழு முறுக்கையும் தாங்கப்போவது இந்த மடிப்புத்தான். மடிக்காமல் வெறும் பசையை நம்பி ஒட்டியவை, நான் பார்த்த வரையில், ஒரு மழைக்காலத்துக்குமேல் நிற்பதில்லை. பசை விட்டுப்போய்க் கம்பி மட்டும் தனியே சுழலும்.

மறுநாள் வெளியே நீண்டிருக்கும் கம்பியை வளைக்கலாம். அடைப்பிலிருந்து 12 மில்லிமீற்றர் விட்டு ஒரு நேர்கோணம். அங்கிருந்து 55 மில்லிமீற்றர் தள்ளி இன்னொரு நேர்கோணம், கிண்ணத்துக்கு எதிர்த்திசையில். மிச்சம் இருப்பது பிடிக்கு. வைஸ் இல்லாதவர்கள் கம்பியைக் குறுகிய இரும்புக் குழாய்த் துண்டுக்குள் செருகி, வளைய வேண்டிய இடம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து நெம்பினால் வளைவு கூர்மையாக வரும்.

55 மில்லிமீற்றர் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீயை விரலால் திருப்பும்போது நம் பிடி நடுவிலிருந்து 9 மில்லிமீற்றர் தூரத்தில்தான் இருக்கும். இந்தக் கை அதைப்போல் ஆறு மடங்கு நீளம், அதனால் கீ பஞ்சுபோல் திரும்பும். இதைவிட நீட்டினால் சுற்று பெரிதாகிக் கை கிட்டாரின் தலையில் இடிக்கும். குறைத்தால் மணிக்கட்டு வலிக்கும்.

பிடிக்குத் தேயிலைக் கட்டையில் 60 மில்லிமீற்றர் நீளமும் பெருவிரல் தடிப்பும் வேண்டும். 5 மில்லிமீற்றர் ட்ரில்லால் இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கவிடுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் துளை பக்கவாட்டில் வெளியேறிவிடும். கம்பியில் ஒரு வாஷர், பிறகு பிடி, மறுபடி ஒரு வாஷர் என்று கோத்து, வெளியே நிற்கும் கம்பி முனையைச் சுத்தியலால் தட்டிப் பரப்புங்கள். துளைக்குள் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிட்டால் சத்தமில்லாமல் சுழலும். எண்ணெய் வேண்டாம், மரம் ஊறிப் பருத்துப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக அடைப்பைக் குழாயின் வட்ட முனைக்குள் தட்டி இறக்கி, இரு பக்கமும் ஒவ்வொரு சின்னத் திருகாணி போடுங்கள். இங்கே பசை போட வேண்டாம். கிண்ணம் உடைந்தால் திருகாணியைக் கழற்றிப் புதுக் குழாய் மாற்றிக்கொள்ளலாம்.

பின் பிடுங்கி

உருக்குக் கம்பிக் கிட்டாரில் கம்பியின் உருண்டை முனையைப் பிரிட்ஜில் ஆறு பின்கள் பிடித்திருக்கும். ஈரத்தில் மரம் பருத்ததும் அவை இறுகிவிடும். குறட்டால் பிடுங்குவது பலரின் வழக்கம். பின்னின் தலை நசுங்கும், குறடு நழுவினால் கிட்டாரின் முகப்பலகையில் பள்ளம் விழும். பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பு இதற்கு நல்ல வழி. காம்பின் நுனியில் எலிவால் அரத்தால் 6 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வாய் அராவி, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்குங்கள். அந்த வாயைப் பின்னின் தலைக்குக் கீழே நுழைத்து மெல்ல நெம்பினால் பின் எழும்பிவரும். காம்பு அழுந்தும் இடத்தில் ஓர் அட்டையை வையுங்கள். ரயிலில் வந்த சின்னத் தடித்த பயணச்சீட்டு வீட்டில் கிடந்தால் அதன் தடிப்பு இதற்குச் சரியாக இருக்கும்.

அதற்கும் அசையாத பின்னை வெளியிலிருந்து சண்டைபோட்டு எடுக்கக்கூடாது. ஒலித்துளைக்குள் கையை விட்டு, பத்து ரூபாய்க் காசொன்றால் பின்னின் அடிமுனையை உள்ளிருந்து தள்ளுங்கள். நைலோன் கம்பிக் கிட்டாரில் பின்னே கிடையாது, பிரிட்ஜில் முடிச்சுத்தான். அதற்கு இந்தக் கரண்டி தேவைப்படாது.

கம்பி மாற்றும் முறை

கருவி இருக்கிறது என்பதற்காக ஆறு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுவதுதான் வீட்டில் மாற்றுகிறவருக்குப் பத்திரம். கழுத்தின் இழுவிசை பெரிதாக மாறாது, சேடில் நகராது, எந்தக் கம்பி எந்தப் பக்கம் சுற்றியிருந்தது என்பதற்குப் பக்கத்துக் கம்பியே சாட்சியாக இருக்கும். ஃப்ரெட் பலகை அழுக்கேறி நாறும் நிலையில் இருந்தால் மட்டும், முழுதும் கழற்றித் துடைக்கலாம்.

முறுக்கியைக் கீயில் கவிழ்த்து, கம்பி துவளும்வரை தளர்த்துங்கள். இறுகி நிற்கும் கம்பியை வெட்டவே கூடாது. அறுந்த முனை முகத்தை நோக்கித் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

கம்பி இல்லாத அந்த நேரத்தில், கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் தங்கும் நட்டின் பள்ளத்தில் பென்சில் கூரைத் தேய்த்துவிடுங்கள். அதிலிருக்கும் காரீயத்தூள் கம்பியை வழுக்க வைக்கும். சுருதி சேர்க்கும்போது வரும் 'டிங்' என்ற சத்தமும் திடீர்த் தாவலும் குறையும்.

புதுக் கம்பியின் உருண்டையைத் துளையில் இறக்குமுன், உருண்டைக்கு மேலே கம்பியைச் சற்று வளைத்துக்கொள்ளுங்கள். பின்னின் கீறல் ஒலித்துளையைப் பார்க்கவேண்டும். பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுத்தால் உருண்டை உள்ளே பலகையின் அடியில் போய்ப் பதியும். இந்தப் பதிவைப் பார்க்காமல் விட்டால் பாதி சுருதியில் பின் குண்டுபோல் எகிறும்.

தலைப்பக்கம் கம்பியைத் தண்டின் துளையில் நுழைத்து, இறுக இழுத்து, பிறகு 5 சென்ரிமீற்றர் பின்னுக்குத் தொய்வு விடுங்கள். மெல்லிய கம்பிக்கு இன்னும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டலாம். மூன்று மூன்று கீயாக இருக்கும் தலையில் கம்பி தண்டின் உட்பக்கமாக, அதாவது தலையின் நடுப்பக்கமாக வந்து சுற்றவேண்டும். இடது கையால் கம்பியை நட்டுக்கு அருகில் மெல்ல இழுத்துப்பிடித்து, வலது கையால் முறுக்கியைச் சுழற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதற்குக் கீழே இறங்கவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கம்பி பிறகு மெல்ல மெல்லச் சரிந்து சுருதியைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். விரலால் முறுக்கும்போது சலிப்பில் பலர் இந்த இடத்தைக் கோட்டை விடுகிறார்கள். முறுக்கி கையில் இருந்தால் சுற்று ஒரே சீராக விழும். என்னைக் கேட்டால், நேரம் மிச்சமாவதைவிட இதுதான் கருவியின் பெரிய லாபம்.

கம்பி நேராகி, தட்டினால் மந்தமாக ஒலிக்கத் தொடங்கும் இடத்தில் முறுக்கியை எடுத்துவிடுங்கள். மேற்கொண்டு விரல்தான். ஆறு மடங்கு பலமுள்ள கைக்கு, கம்பி அறுந்துபோகும் இடம் தெரியாது, விரலுக்குத் தெரியும். முதலாம் கம்பி நொடிக்கு 329.6 அதிர்வு கொடுக்கும் இடத்தில் நிற்கவேண்டும். அதற்குச் சில சுரம் மேலே போனாலே அறும். ஒரு செட்டிலிருந்து முதலாம் கம்பி மட்டும் போய்விட்டால் அதற்காக மறுபடி ரயில் ஏற நேரிடும். மின்சார ட்ரில்லில் கிண்ணத்தை மாட்டி முறுக்குகிறவர்கள் உண்டு. நம் கிட்டார்களில் வரும் மலிவான கீகளின் பல்லுக்கு அந்த வேகம் ஆகாது. எந்த அவசரத்திலும் அதை நான் செய்யமாட்டேன்.

சுருதி சேர்த்தபின் ஒவ்வொரு கம்பியையும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சுருதி இறங்காமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யவேண்டும். ஞாயிறு பூசைக்கோ கல்யாண வீட்டுக்கோ வாசிக்கப் போவதானால் இரண்டு நாள் முன்னமே கம்பி மாற்றிவிடுங்கள். அன்றைக்கே மாற்றிய கம்பி ஒவ்வொரு பாட்டுக்கும் இறங்கும். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் பாடிய பொப் பாடல்களை இன்றும் கேட்டு வாங்கும் கல்யாண வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. விடாமல் தட்டும் அந்தத் தாளத்தில் புதுக் கம்பி ஒரே பாட்டில் அரைச் சுரம் தள்ளிப்போகும்.

மின்கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு

ஆறு கீயும் ஒரே பக்கம் வரிசையாக இருக்கும் தலையில் கீக்கும் கீக்கும் நடுவே 25 மில்லிமீற்றர் அளவுதான் இடம். முக்கால் இஞ்சிக் குழாயில் செய்த கிண்ணம் சுழலும்போது பக்கத்துக் கீயில் மோதும். அரை இஞ்சிக் குழாயில் செய்யுங்கள். அதன் வெளியகலம் 25க்குள் அடங்கும். பக்கத்துக் கீகளின் தட்டை முகம் கிண்ணத்தைப் பார்க்கும்படி அவற்றைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் தாராளமாகச் சுழலும். வேலை முடிந்ததும் அவற்றின் சுருதியைத் திரும்பப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வைத்துக்கொள்ளும் முறை

முறுக்கி, கரண்டி, சின்னக் குறடு, பென்சில் துண்டு, பருத்தித் துணி இவை ஐந்தும் ஒரு பையில் கிட்டாரோடேயே இருக்கட்டும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் மேலும் கீழும் பிடித்துத் துடைத்தால் இரண்டு மாதத்தில் போகும் கம்பி இன்னும் சில வாரம் தாங்கும். கிட்டாரை வெளிச்சுவரில் மாட்டாமல் நடுச்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சுவர்தான் அதிகம் வியர்க்கும். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை எறியாமல் சேர்த்துக் கிட்டார்ப் பைக்குள் போடலாம். அவை ஈரத்தில் நிறைந்துவிட்டால், தாச்சியை இளஞ்சூட்டில் வைத்து உள்ளிருக்கும் மணிகளை மட்டும் கொட்டிக் காயவைத்து, ஆறியபின் மெல்லிய துணியில் முடிந்து மறுபடி பாவியுங்கள். பிரிக்காத புதுக் கம்பி செட்டையும் அதே பையில் வையுங்கள். கடதாசி உறையில் மட்டும் வரும் கம்பி, வாங்கிவைத்த இடத்திலேயே துருப்பிடிக்கும்.

வெட்டிய கம்பித் துண்டுகளை லயத்து வாசலில் வீசக்கூடாது. அவை ஊசிபோல் கூரானவை. வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் பாதத்தில் ஏறி ஒடிந்தால் எடுப்பது கஷ்டம். புல்லோடு கலந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் இரைப்பையைக் குத்திவிடும். கம்பி விழுங்கிய பசு பால் குறைந்து, தின்னாமல் நின்று, சிலவேளை இறந்தும் போகும். மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை இதற்கென்று வைத்து, துண்டுகளையும் பழைய கம்பிகளையும் சுருட்டி அதில் போட்டு வாருங்கள். போத்தல் நிறைந்ததும் பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடலாம்.